நான்காவது சுருள் தப்பியது

மின் கிற்றாரின் பிக்கப்புக்கு, அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளுக்கு, வீட்டிலேயே கம்பி சுற்றுகிறேன். நேற்று இரவு பத்தரைக்கு, சுற்று எண்ணும் கல்குலேற்றரில் 8,000 விழுந்தது. கம்பி அறவில்லை. சுருளைச் சுழற்றும் தையல் மெஷின் மோட்டரின் மிதியில் இருந்து காலை எடுத்துவிட்டு, பொபினை (கம்பி சுற்றும் கட்டையை) தொடப் பயந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு இரண்டு முனைக்கும் ஈயம் வைத்து மீற்றரைப் பிடித்தால் 6.3 கிலோ ஓம். அப்போது அறைக்குள் 33 பாகை சூடு. செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.4 சதவீதம் அளவில் ஏறும். 20 பாகைக்குக் கணக்குப் பார்த்தால் 6 கிலோ ஓம்தான். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றார்) வகை ஒற்றைச் சுருளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

இந்தப் பைத்தியம் தொடங்கியது மாசியில். என்னுடைய மலிவு ஸ்ட்ராட் நகலில் நடு பிக்கப் திடீரென்று ஊமையாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் சுருளின் அடியில், கம்பி இரும்புக் கம்பத்தின் துருவோடு ஒட்டியிருந்த இடத்தில், பச்சையாக ஒரு பொட்டு. மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. கதவுப் பிணைச்சலையே தின்கிற உப்புக் காற்று, தலைமயிரை விட மெல்லிய கம்பியை விட்டுவைக்குமா?

முதல் சுருளைக் கெடுத்தது நானேதான். கொழும்பில் ஒரு கடைக்குப் போன் எடுத்து ‘42 கேஜ் எனாமல் கம்பி’ என்று கேட்டேன். கேஜ் என்பது கம்பியின் தடிப்பைச் சொல்லும் எண். வந்ததைச் சுற்றினால் மூவாயிரத்திலேயே பொபின் நிரம்பிவிட்டது. மீற்றரில் ஒரு கிலோ ஓம் கூட இல்லை. பிக்கப் ஆட்கள் சொல்லும் 42 அமெரிக்கக் கேஜ், 0.063 மில்லிமீற்றர். நம் கடைகளில் கேஜ் என்றால் பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 42 என்பது 0.10 மில்லிமீற்றர்! எஸ்.டபிள்யூ.ஜி. 46 என்று கேட்டிருந்தால் கிட்டத்தட்ட சரியாக வந்திருக்கும். இனிமேல் கேஜ் என்ற வார்த்தையே எடுப்பதில்லை, மில்லிமீற்றரில்தான் கேட்பது.

சரியான கம்பி வந்த பிறகுதான் உண்மையான சோதனை. இரண்டாவது சுருள் 5,200இல் அறுந்தது. மூன்றாவது 7,100இல். இடையில் ஈயம் வைத்து ஒட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு மனம் வரவில்லை, வெட்டி எறிந்துவிட்டேன்.

பிடிமானம்தான் பிரச்சினை. பொபின் வட்டம் இல்லை, நீட்டு வாக்கில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முனை வரும்போது கம்பியை வெடுக்கென்று இழுக்கும், தட்டையான பக்கம் வரும்போது தளர்ந்து விடும். ஒரு சுற்றுக்கு இரண்டு இழுவை. நான் கம்பி றோலை ஓர் ஆணியில் கோர்த்து, அது சுழலும்படி விட்டிருந்தேன். இழுக்கும்போது அந்த றோல் முழுப் பாரத்தோடு கிளம்ப வேண்டும், தளரும்போது நிற்க வேண்டும். அது எப்படி முடியும்? கரும்பலகை டஸ்டரின் கம்பளித் துணியில் இரண்டு துண்டு வெட்டி, உடுப்புக் கிளிப்பில் ஒட்டி, அதற்குள்ளால் கம்பியை விட்டுப் பார்த்தேன். கிளிப்பின் ஸ்பிரிங் மாட்டைக் கட்டக் காணும். பேனா ஸ்பிரிங் போட்டேன், அதுவும் சரிவரவில்லை.

கடைசியில் காத்தான்குடியில் மோட்டருக்குக் கொயில் கட்டும் காக்கா (முஸ்லிம் அண்ணர்) ஒருவரிடம் போனேன். கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதச் சுழல விடப்படாது. றோல நிலத்தில நிமித்தி வைங்க, கம்பி மேலால கழண்டு வரட்டும்” என்றார். பழைய வால்வு றேடியோக்களின் ட்ரான்ஸ்போமர் கட்டிய கை அது. றோல் அசையாது, கம்பி மட்டும் தலைப்பக்கத்தால் வளையம் வளையமாக உருவி வரும். இழுக்க வேண்டிய பாரமே இல்லை. றோலின் விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு சின்னச் சிராய் இருந்தது; அரத்தாளால் தேய்த்து, மேலே ரேப் சுற்றினேன். றோலை மூன்றடி தள்ளி நிலத்தில் வைத்தேன். கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, விரல்களுக்கு நடுவே பருத்தித் துணி மட்டும்.

அதிகமாக இறுக்கினால் அறாவிட்டாலும் கம்பி நீண்டு மெலியும். சுற்று அதேதான், ஓம் மட்டும் கூடும். ஆறு கிலோ ஓம் வந்த சந்தோஷத்துக்குக் காரணம் இதுதான், கம்பி நீளவில்லை. ‘12 கிலோ ஓம், செம ஹொட் (சத்தம் பலம்)’ என்று பிக்கப் விற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். இன்னும் மெல்லிய அமெரிக்கக் கேஜ் 43 கம்பியில் குறைந்த சுற்றுக்கே அதிக ஓம் வரும். மீற்றருக்குச் சுற்று எண்ணத் தெரியாது.

எண்ணுவது கல்குலேற்றரின் சமன் குறிக்குப் பின்னால் ஒட்டிய றீட் சுவிட்ச், காந்தம் பக்கத்தில் வரும்போது மூடுவது. வேகம் கூடினால் எண்ணைத் தவறவிடும். அதனால் நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் போவதில்லை. ஒரு சுருளுக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் ஃபேன் போட முடியாது, கம்பி காற்றில் ஆடும். வெளியே கச்சான் காற்று அனலாக வீசுகிறது. “ஃபேனப் போடு மனே, வேர்த்து ஊத்துது” என்று அம்மா கதவடியில் நின்று கத்துகிறா.

காந்தம் பற்றி. மலிவு பிக்கப்பில் இருந்தது இரும்புக் கம்பங்கள், அடியில் ஒரு செரமிக் பட்டை. இரும்பு நடுவில் இருந்தால் சுருளின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) ஏறி மேல் சத்தம் மங்கும். எனக்கு வேண்டியது கண்ணாடிச் சத்தம், அதனால் அல்னிக்கோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம்) காந்தக் கம்பிகள் ஆறு. அல்னிக்கோவில் கரண்ட் பாயும் என்பதால் ஒரு சுற்று ரேப் ஒட்டி அதன் மேல்தான் செம்பு. முன்பு பச்சை பிடித்த பாடமும் இருக்கிறதே.

இந்த ஆறையும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கழற்றிய நியோடிமியம் காந்தம் கிடந்த லாச்சிக்குள்ளேயே போட்டு வைத்திருந்தேன், மடையன். ஆணி தூக்கிப் பார்த்தபோது இரண்டு காந்தக் கம்பிக்குப் பாதி பலம் கூட இல்லை. பரவாயில்லை, கெடுத்ததே சரியாக்கும்: வைஸின் இரண்டு தாடையிலும் நியோடிமியத்தை எதிரெதிர் முனையாக வைத்து, நடுவே ஆறையும் நுழைத்து எடுத்தால் மறுபடி ஏறிவிடும். நடு பிக்கப் என்பதால் மற்ற இரண்டுக்கும் எதிர் முனை மேலே வரவேண்டும்; சுற்றும் எதிர்த் திசை. அப்போதுதான் தெரிவுச் சுவிட்சில் நடு பிக்கப்போடு பக்கத்து பிக்கப் சேரும் 2ஆம், 4ஆம் இடங்களில் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் அடங்கும். திசைகாட்டியால் மூன்று தரம் பார்த்தேன்.

நெக் (கழுத்து) பக்க பிக்கப்புக்கு அல்னிக்கோ 3 போட யோசிக்கிறேன். பலம் குறைவு, தந்தியை அவ்வளவாகப் பிடித்து இழுக்காது, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி கலங்காது. வெளிநாட்டில் சொல்லிவிட்டு ஆறு வாரமாகப் பார்சலுக்குக் காத்திருக்கிறேன். அதற்குள் ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) ஆசையும் வந்துவிட்டது, சுருளுக்கு 5,000 வீதம் இரண்டு. காக்காவிடம் சொன்னேன், சிரிக்கிறார்.

சுற்றுகள் அசையாமல் இருக்க நடு பிக்கப்புக்கு மெழுகு இன்னும் ஊற்றவில்லை. நாலு பங்கு மெழுகுதிரிக்கு ஒரு பங்கு தேன் மெழுகு, 65 பாகை. தேன் மெழுகுதான் கிடைக்கவில்லை. அதுவரை சுருள் பஞ்சுக்குள் சுற்றி பிஸ்கட் பேணியில் இருக்கிறது. அம்மா காலையில் இருந்து அந்தப் பேணியைத் தேடுகிறா.