கணவனை மனைவியாக்கிய கணக்கெடுப்பு

அமெரிக்காவின் 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு ஆண்கள் தங்களைத் தம்பதி என்று குறித்தால், பெரும்பாலும் ஒருவரைப் பெண்ணாக மாற்றிப் பதிந்துவிட்டார்கள். கை தவறி டிக் அடித்திருப்பார் என்ற நினைப்பு! 2000இல் பாலினத்தைத் தொடவில்லை. உறவை மட்டும் ‘மணமாகாத துணை’ என்று மாற்றினார்கள். சரி, கொஞ்சம் முன்னேற்றம்தான்.

2010இல் நிஜமாகவே கை தவறியது, ஆனால் ஆண்-பெண் தம்பதிகளுக்கு. கோடிக்கணக்கான தம்பதிகளில் துளிப் பேர் பாலினக் கட்டத்தை மாற்றிக் குறித்தாலே போதும், ஒருபால் இணையர் கணக்கு ஊதிவிடும். அப்படித்தான் 9,01,997 வீடுகள் என்று வந்தது. பெயர் ஆணுடையதா, பெண்ணுடையதா என்று பார்த்துச் சலித்து 6,46,464 ஆக்கினார்கள். ஒருபால் தம்பதிக்கென்று தனிக் கட்டம் 2020 படிவத்தில்தான் வந்தது. இதை 1990லேயே அச்சடித்திருந்தால் என்ன மை தீர்ந்தா போயிருக்கும்?