அப்டேட் ஆனதும் திறக்க மறுத்த மென்பொருள்: ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

ஒரு மென்பொருள் அப்டேட் ஆனபிறகு திறக்கவில்லை என்றால், யார் சொன்னாலும் உடனே கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள். எனக்கு ஒரு கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். அதைக் கேட்டிருந்தால் சிங்கப்பூரின் ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு வரவேண்டிய எங்கள் மன்ற மலர் இந்த வருடம் அச்சுக்கே போயிருக்காது. கோபம் இன்னும் தீரவில்லை. பக்க வடிவமைப்பு செய்யும் மற்றவர்களுக்கு, முக்கியமாகப் பழைய தமிழ் எழுத்துருக்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு, இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11 மடிக்கணினி, காசு கட்டி வாங்கிய பக்க வடிவமைப்பு மென்பொருள். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்றது, சரி என்றேன், ஒரு சிக்கலும் இல்லாமல் ஏறியது. மறுநாள் காலையில் திறந்தால் முகப்புப் படம் வருகிறது, சில நொடிகளில் காணாமல் போகிறது. பிழைச் செய்தி இல்லை, எண் இல்லை, ஒன்றுமே இல்லை. மறுபடி கிளிக் செய்தால் முகப்புப் படம்கூட வரவில்லை.

அந்த இரண்டாவது விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பல பேர் இங்கேயே குழம்பிப்போவார்கள். மென்பொருள் பாதியில் விழுந்தாலும் அதன் மிச்சம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்வரை புதிதாகத் திறக்கவிடாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தப் பெயரில் இருப்பதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அடுத்த முயற்சிக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எதைச் சரிசெய்தாலும் சரியானதா இல்லையா என்றே தெரியாது.

அடுத்து வாடிக்கையாளர் சேவை. அரட்டைப் பெட்டியில் வந்தவர் மிக மரியாதையாகப் பேசினார். ஆனால் நான் எழுதிய எதையும் படித்ததாகத் தெரியவில்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்றார். செய்துவிட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள் என்றார். போட்டேன். அதே முகப்புப் படம், அதே மறைவு. மென்பொருளை நீக்கினாலும் உங்கள் விருப்ப அமைப்புகள், தற்காலிகக் கோப்புகள் எல்லாம் பெரும்பாலும் உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறையிலேயே தங்கிவிடும். எழுத்துருக்களும் அசையாது. சிக்கல் அங்கே இருந்தால் எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பயனில்லை. இன்னொன்று, நீக்கும்போது அமைப்புகளையும் அழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். வருடக்கணக்கில் சேர்த்த பாணிகள், வண்ணத் தொகுப்புகள், சொல் பிரிப்புப் பட்டியல் எல்லாம் அதோடு போய்விடும். ஆப்டேட்டாவுக்குள் அந்த மென்பொருளின் பெயரில் இருக்கும் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றி வைத்தால் போதும், மென்பொருள் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

அதற்கும் மசியவில்லை என்றதும் அவர் சொன்ன அடுத்த வழிதான் என்னை முழுசாக முடக்கியது. விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, ‘சேஃப் பூட்’ (மிகத் தேவையானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் முறை) என்ற கட்டத்தில் குறியிட்டு ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். செய்தேன். நீலத் திரை வந்தது. பிட்லாக்கர், அதாவது வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி, மீட்புக் குறியீட்டைத் தரவும் என்றது. மொத்தம் 48 இலக்கம்! எதற்காக என்று கேட்க அரட்டைப் பெட்டியும் இல்லை, அது இருந்ததும் இதே கணினியில்தானே.

இது ஏன் நடக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது வரும் பல மடிக்கணினிகளில் வட்டு, நாம் கேட்காமலே மறைகுறியாக்கம் செய்யப்பட்டுத்தான் வருகிறது. கணினி தொடங்கும் முறையில் மாற்றம் தெரிந்தால், திருட்டாக இருக்குமோ என்று அது பூட்டிக்கொண்டு குறியீடு கேட்கும். எம்எஸ்கான்ஃபிக் வழியாக சேஃப் பூட் வைத்தால் அந்த மாற்றம் நிலையாகப் பதிந்துவிடும். அணைத்து அணைத்துப் போட்டாலும் ஒவ்வொரு முறையும் அதே நீலத் திரைதான். குறியீடு இல்லாமல் எளிதில் வெளியே வர முடியாது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து மீட்புப் பட்டியல் வழியாகப் போவது இதைவிட மேல். அதிலும் குறியீடு கேட்கலாம், ஆனால் அந்த ஒரு முறையோடு முடியும். ஒரு சேவை ஊழியர் இதைச் சொல்லும் முன், ‘உங்களிடம் மீட்புக் குறியீடு இருக்கிறதா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டாமா?

குறியீடு, கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். என் கணினியை அமைத்துக் கொடுத்தது அக்கா மகன். அவன் இப்போது தேசிய சேவையில் (கட்டாய ராணுவச் சேவை), தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியில் இருக்கிறான். பகலில் கைப்பேசி கிடைக்காது. இரவு ஓய்வு நேரத்தில்தான் செய்தியைப் பார்த்தான். "சித்தி, திரையில குறியீட்டு அடையாளம்னு ஒண்ணு இருக்கும், அதோட முதல் எட்டு எழுத்தைச் சொல்லுங்க" என்றான். அவன் கணக்கில் பழைய கணினிகளின் குறியீடுகளும் இருந்தன. எது இந்தக் கணினிக்கானது என்பதை அந்த எட்டு எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஆறு ஆறு இலக்கமாக அவன் படிக்க, நான் அடித்தேன். விளக்கணைக்கும் நேரத்துக்குள் முடிந்தது. அந்தப் பிள்ளை களைப்போடு களைப்பாக எனக்காக உட்கார்ந்திருந்தான், நல்லா இருக்கட்டும்.

இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள், உங்கள் கணினி நன்றாக இருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்த 48 இலக்கத்தைத் தாளில் அச்சிட்டு வைத்துவிடுங்கள். 2024 ஜூலை 19-இல் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. சாங்கி விமான நிலையத்தில்கூடச் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால்தான் பதிவு செய்தன. அப்போதும் பல அலுவலகங்களில் சரிசெய்யும் வழி தெரிந்திருந்தும் வேலையை இழுத்தடித்தது இந்தக் குறியீடுதான்.

சேஃப் மோடில் நுழைந்து பார்த்தால், அங்கேயும் மென்பொருள் விழுந்தது. பட்ட பாட்டுக்கு ஒரு துப்பாவது கிடைத்தது. பின்னணியில் ஓடும் வேறு மென்பொருளோ திரை அட்டையின் ட்ரைவரோ காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. சேஃப் பூட் குறியை எடுத்துவிட்டு வழக்கம்போல் தொடங்கினேன். விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையும் ஓட்டினேன், குறை எதுவும் இல்லை.

அச்சகத்துக்குத் தரவேண்டிய நாள் நெருங்கியதால் ரோச்சோர் பக்கம் ஒரு கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு முறை திறந்து பார்த்தார். விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்தால் சரியாகும், நாளைக்கு வாருங்கள் என்றார். எந்தப் பதிவையும் பார்க்கவில்லை. பார்த்ததற்கு மட்டும் கட்டணம். கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இதில் எனக்கு இப்போதும் ஆறாத விஷயம் என்ன தெரியுமா? ஃபார்மட் செய்திருந்தால் மென்பொருள் திறந்திருக்கும். அவர் சொன்னது சரி என்று நானும் நம்பியிருப்பேன். அப்புறம் என் எழுத்துருக்களைத் திரும்பப் போட்டதும் மறுபடி விழுந்திருக்கும்.

பழைய பதிப்புக்கே திரும்பலாமே என்று கேட்பீர்கள். மெய்ப்புப் பார்க்கும் அக்காவின் கணினியிலும் அதே அப்டேட் ஏறியிருந்தது, அங்கே நன்றாக ஓடியது. அவர் திருத்திச் சேமித்த பக்கங்கள் எல்லாம் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன, பழைய பதிப்பில் திறக்காது. கூட்டாக வேலை செய்கிறவர்கள், வேலை நடுவில் இருக்கும்போது யாரும் அப்டேட் செய்யாமல் இருப்பது நல்லது. செய்தால் பழைய வடிவத்தில் ஒரு நகல் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் கணினியில் ஓடுகிறது, என்னுடையதில் ஓடவில்லை என்பதுதான் யோசிக்க வைத்தது. ஸ்டார்ட் பட்டியலில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடினால் ஒரு நாட்காட்டி போன்ற வரைபடம் வரும். எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புக் குறியோடு காட்டும். என் கணினியில் அப்டேட்டுக்கு முந்தைய நாள்வரை ஒரு சிவப்பும் இல்லை, அடுத்த நாளிலிருந்து வரிசையாக. விவரத்துக்கு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவர். அதில் ‘அப்ளிகேஷன்’ பதிவில் 1000 என்ற எண்ணுள்ள பிழையைத் தேடுங்கள். விழுந்த மென்பொருளின் பெயருக்குக் கீழே, எந்தப் பகுதியில் விழுந்தது என்று ஒரு கோப்பின் பெயர் இருக்கும். பார்க்கவேண்டியது அதைத்தான். எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பெயர், எழுத்துருக்களைக் கையாளும் பகுதி. கூடவே 5-இல் முடியும் ஒரு பிழைக்குறி. நினைவகத்தில் தனக்கு அனுமதி இல்லாத இடத்தைத் தொட்டுவிட்டது என்று அதற்குப் பொருள்.

உறுதிப்படுத்த, விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதிலிருந்து திறந்தேன். திறந்தது! சத்தமாகவே கத்திவிட்டேன். ஆக, மென்பொருளும் விண்டோஸும் நன்றாகத்தான் இருக்கின்றன, என் கணக்குக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான் கோளாறு. அமைப்புகள் கோப்புறையின் பெயரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மிச்சம் எழுத்துருக்கள். விண்டோஸில் இப்போதெல்லாம் ஓர் எழுத்துருவை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் அது எல்லாருக்கும் பொதுவான இடத்துக்குப் போகாது. அந்தப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் தனியாக ஒரு எழுத்துருக் கோப்புறை இருக்கிறது, அங்கே போய் உட்காரும். அதனால்தான் புதிய கணக்கில் சிக்கல் தெரியவில்லை.

அப்புறம் பாதிப் பாதியாகப் பிரிக்கும் வேலை. என் கணக்கிலிருந்து சைன் அவுட் செய்துவிட்டு, புதிய கணக்கு வழியாகப் பாதி எழுத்துருக்களை வேறு இடத்துக்கு நகர்த்தவேண்டும். திரும்ப வந்து திறந்து பார்க்கவேண்டும். திறந்தால் குற்றவாளி நகர்த்திய பாதியில், இல்லாவிட்டால் மிச்ச பாதியில். 256 எழுத்துருக்கள் இருந்தால்கூட எட்டுச் சுற்றில் ஒன்றே ஒன்றில் வந்து நிற்கும். தொடங்கும் முன் முழுக் கோப்புறையையும் நகல் எடுத்துவிடுங்கள்.

கடைசியில் அகப்பட்டது எங்கள் மன்றத்தின் பெயர்த் தலைப்புக்குப் பயன்படுத்தும் ஒரு பழைய எழுத்துரு. தொண்ணூறுகளில் வந்தது. அந்தக் காலத்தில் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஒவ்வொருவரும் ஒரு குறியாக்கம் வைத்திருந்தார்கள். அதை ஒழுங்குபடுத்தப் பேசுவதற்காகத்தான் 1997-இல் இதே சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது. யூனிகோட் பரவிய பிறகும் வடிவமைப்பு மென்பொருள்கள் தமிழை உடைக்காமல் காட்டப் பல வருடங்கள் ஆயின. அதனால் பழைய எழுத்துருக்களை நாங்கள் விடவில்லை, விட முடியவும் இல்லை. இத்தனை காலம் அதன் உள் அட்டவணையில் இருந்த பிழையை மென்பொருள் பொறுத்துக்கொண்டது. புதிய பதிப்பில் எழுத்துருவைப் படிக்கும் பகுதியை மாற்றியிருக்கிறார்கள், அது தடுக்கி விழுகிறது. ஓர் எழுத்துரு பிடிக்கவில்லை என்றால் அதை ஒதுக்கிவிட்டுத் திறக்கவேண்டியதுதானே? அடோபி, டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களை 2023 ஜனவரியில் கைவிட்டபோது இரண்டு வருடம் முன்பே அறிவித்தது. இங்கே ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை.

அந்த எழுத்துருவை நீக்கியதும் எல்லாம் சரி. தலைப்பை மட்டும் பழைய பதிப்பு இருக்கும் என் பழைய கணினியில் திறந்து, எழுத்துகளை, எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக மாற்றிக் கொண்டுவந்தேன். அதே எழுத்துருவில் இருந்த இரண்டு பழைய கட்டுரைகளைக் குறியாக்கம் மாற்றும் கருவி மூலம் யூனிகோடாக்கினேன். இதில் கவனம் தேவை. பழைய குறியாக்கங்களில் கொம்பு முதலிலும் எழுத்து பிறகும் வரும், யூனிகோடில் வரிசை வேறு. மாற்றிய பிறகு கொ, கோ, கௌ வரும் இடங்களை எல்லாம் கண்ணால் பாருங்கள். ஔகாரக் குறிக்கு ‘ள’ வந்து உட்கார்ந்திருக்கும், எழுத்துப்பிழை திருத்தி அதைப் பிடிப்பதில்லை.

மலர் குறித்த நாளில் அச்சகத்துக்குப் போய்விட்டது. சேவை மையம் என் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடியிருந்தது. அதைத் திறக்க வைத்து, பிழைப் பதிவு, அந்த எழுத்துருக் கோப்பு, புதிய கணக்கில் திறந்த விவரம் மூன்றையும் அனுப்பினேன். இந்த முறை பதில் எழுதியவர் ஒரு பொறியாளர். அவர் கணினியிலும் அதே இடத்தில் விழுந்ததாம், அடுத்த திருத்தப் பதிப்பில் சரிசெய்வோம் என்றிருக்கிறார்.

உங்களுக்கும் இதே மாதிரி நடந்தால் முதல் கடிதத்திலேயே இந்த மூன்றையும் இணைத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்தீர்களா என்ற கேள்வியைத் தாண்டி நேராகப் பொறியாளர் கைக்குப் போகும்.