மீட்ட பிறகுதான் வேலையே

ஆள் கடத்தல் என்றதும் கட்டிப்போட்டு வண்டியில் ஏற்றுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. "நல்ல வேலை, டிக்கெட் நாங்களே போடுகிறோம்" என்று தெரிந்தவரே கூப்பிடுவார். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். டிக்கெட் காசு கடனாகிவிடும். எத்தனை மாதம் உழைத்தாலும் அந்தக் கடன் அடையவே அடையாது.

2021-இல் உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில், அதாவது கட்டாய வேலையிலோ கட்டாயத் திருமணத்திலோ, இருந்ததாக ஐ.நா.வின் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் கூட்டாளி அமைப்புகளும் மதிப்பிட்டன. அதில் 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்தில். (இதைப் பற்றி மட்டும் ஏனோ யாரும் வாயே திறப்பதில்லை.)

தொண்டு அமைப்புகள் செய்வதில் மீட்புதான் போட்டோவில் வரும். அப்புறம் இருக்கிறதே, அடையாள அட்டை வாங்கித் தருவது, தராத சம்பளத்துக்கு வழக்குப் போடுவது, இழுத்துக்கொண்டே போகும் வாய்தாக்களுக்குச் சாட்சியோடு கூடவே போய் உட்கார்வது... நன்கொடை கொடுப்பவர்கள் இந்தச் செலவையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.