தோட்டக்கலைத் தன்னார்வலர் பயிற்சி: எதைப் படிப்பது, எங்கே சறுக்கும்

'மாஸ்டர் கார்டனர்' பயிற்சி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தது. செடி பற்றிக் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லி வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கு (மக்களுக்கு விவசாய ஆலோசனை சொல்பவர்களுக்கு) மாளவில்லை. அதனால் ஆர்வமுள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அதற்கு ஈடாக அவர்களின் தன்னார்வ உழைப்பைப் பெற்றார்கள். ஆகவே, வாடிய இலையோடு ஒருவர் எதிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் மண். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அங்கே உரம் கொட்டிப் பயனில்லை. உர மூட்டையில் உள்ள 20-10-10 போன்ற எண்கள் சதவீதங்கள், முதல் எண் தழைச்சத்து (நைட்ரஜன்). அப்படியென்றால் 2.5 கிலோவில் தழைச்சத்து 500 கிராம். அடுத்த இரண்டு எண்களும் தனிப் பாஸ்பரஸ், பொட்டாசியத்தின் அளவல்ல, அவற்றின் ஆக்சைடு அளவு. கணக்கில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது நோயறிதலுக்கு. மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது? தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரும். அதனால் பற்றாக்குறை முதிர்ந்த இலையில் முதலில் தெரியும். இரும்பு அப்படி நகராது, குருத்து வெளுக்கும். பிறகு பரவிய விதம். பல வகைச் செடிகள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கருகினால் களைக்கொல்லி, வெயில், உப்பு போன்றவற்றைச் சந்தேகியுங்கள். ஒரே வகைச் செடியில் அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கி நாள்பட நாள்படக் கூடினால் பூச்சி அல்லது நோய். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைப் பூஞ்சை என்று பயிற்சித் தேர்வில் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். அது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் ஒழுங்கற்ற நீர்ப்பாய்ச்சலே காரணம். மருந்தடிப்பது வீண் செலவு.

மண் மாதிரிக்கு 10 முதல் 15 இடங்களில், 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்த வேண்டும். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம். நுண்ணூட்ட அளவு பொய்யாகிவிடும்.

மக்களிடம் பேசுவதற்கு இருவராக ஒத்திகை பாருங்கள். ஒருவர் குறை சொல்ல, மற்றவர் முதல் ஐந்து நிமிடம் கேள்வி மட்டும் கேட்க வேண்டும்: எப்போது நட்டது, எவ்வளவு தண்ணீர், கடைசியாக என்ன தெளித்தீர்கள்? நன்கு படித்தவர்களுக்குத்தான் இது கடினம், வாய் துறுதுறுக்கும். பூச்சிமருந்தின் அளவை நினைவிலிருந்து சொல்லவே கூடாது. லேபிளை எடுத்து, அந்தப் பயிரின் பெயர் அதில் இருக்கிறதா என்று அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, எந்த நாளில் அழைப்பீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.