அம்மாவின் கடல்குதிரை

"தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டியோ?"

வெள்ளவத்தை வீட்டில அம்மா இண்டைக்கு நாலாம் தரம் கேட்டா. கோப்பை என்ர கையிலதான், ஆவி பறக்குது.

அம்மாவின்ர மூளை ஸ்கேன் படத்தை யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தன். கடல்குதிரை வடிவில ஒரு சின்னப் பகுதி, ஹிப்போகாம்பஸ். புது ஞாபகங்கள் சேருற இடம். அம்மாவுக்கு அது சுருங்கி, பக்கத்தில கறுப்பு விழுந்து கிடக்கு.

அல்சைமர் எண்ட இந்த மறதிநோய்க்கு 2023இல அமெரிக்கா முழு அனுமதி குடுத்த லெக்கானெமாப் மருந்து, மூளையில படியிற அமிலாய்டு எண்ட புரதத்தை அகற்றுது. 18 மாத ஆய்வில நோயாளிகளின்ர மூளைத்திறன் சரிவு 27 சதவீதம் மெதுவானது. ஆனா ஆரம்ப நிலைக்கு மட்டும்தான். மூளை வீங்குதோ, ரத்தம் கசியுதோ எண்டு எம்ஆர்ஐயும் இடைக்கிடை எடுக்கவேணும்.

அம்மா அந்தக் கட்டம் தாண்டிட்டா. ரெண்டு வருசத்துக்கு முதல் அவ திறப்பைத் தேடித் திரிஞ்சப்ப, "வயசுதானே" எண்டு சொன்னது நான்தான்.

"குடிக்கிறன் அம்மா. நல்ல ருசி."