கம்பி இல்லாமல் வரையப்பட்ட விலங்குகள்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக 1930-களின் இறுதியில் அச்சிடப்பட்ட சுவரொட்டிகளை அந்நாட்டின் நினைவுப்பொருள் கடைகளுக்குள் நுழைந்த எவரும் பார்த்திருப்பார்கள். யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்றும் கிராண்ட் டீட்டன் சிகரங்களும் காபிக் கோப்பை வரை வந்து சேர்ந்துவிட்டன. அதே காலத்தில், அவற்றை உருவாக்கிய அதே அரசு வேலைவாய்ப்புத் திட்டத்தின் கூலியில், நகரத்து உயிரியல் பூங்காக்களுக்காக வரையப்பட்ட சுவரொட்டிகளைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. ஓவியம் என்ற வகையில் எனக்கு இவைதான் மேலானவையாகத் தெரிகின்றன. வாஷிங்டன், பிலடெல்பியா, சிகாகோ என்று இந்தக் கோடைப் பயணத்தை நான் வகுத்துக்கொண்டதும் அவற்றின் தடத்தைப் பின்பற்றித்தான்.

1933-இல் அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1935 மே மாதம் டபிள்யூ.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பணி முன்னேற்ற நிர்வாகத்தைத் தொடங்கினார். சாலையும் பாலமும் பள்ளிக்கூடமும் கட்டுவோருக்குக் கூலி கொடுத்த அந்த நிர்வாகம், அதே ஆண்டு ஆகஸ்டில் கூட்டாட்சிக் கலைத் திட்டத்தைத் தொடங்கி, ஹோல்கர் காஹில் என்பவரின் தலைமையில் ஓவியர்களையும் சிற்பிகளையும் வேலைக்கு எடுத்தது. ஓவியர்களுக்கு எதற்கு அரசுப் பணம் என்ற கேள்வி எழுந்தபோது, நிர்வாகத்தின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ், அவர்களும் மற்றவர்களைப் போலச் சாப்பிட வேண்டியவர்கள்தாமே என்று பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. நியூயார்க்கில் ஓர் ஓவியருக்கு வாரக் கூலி சுமார் 23 டாலர். அந்தக் கூலிக்கு அவர்கள் செய்த வேலைகளுள் மிக எளியது என்று கருதப்பட்டது சுவரொட்டி. காசநோய்ப் பரிசோதனை, நூலக வாசிப்பு, இலவச இசை நிகழ்ச்சி, நாடகம், உயிரியல் பூங்கா எனப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியவை அனைத்தும் சுவரொட்டிகளாயின. 1943-இல் திட்டம் முடிவதற்குள் ஏறத்தாழ 35,000 வடிவமைப்புகளில் 20 லட்சம் பிரதிகள் அச்சாயின என்றும், அவற்றில் சுமார் 2,000 மட்டுமே எஞ்சின என்றும் கணக்கிடுகிறார்கள்.

எஞ்சியவற்றில் 900-க்கும் மேற்பட்டவை வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே, இண்டிபெண்டன்ஸ் அவென்யூவில் உள்ள மாடிசன் கட்டடத்தில் அச்சுப்படங்களுக்கும் ஒளிப்படங்களுக்கும் தனி வாசிப்பறை உண்டு. வாசகர் அட்டை பெறுவது எளிது. பதினாறு வயது நிரம்பிய எவருக்கும் தருகிறார்கள். தாள்கள் பழையவை என்பதால் முதலில் கணினிப் படிமங்களைத்தான் பார்க்க வேண்டும். அதில் எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு நிறம் எங்கே முடிகிறது, அதன் மேல் அடுத்த நிறம் எந்த இடத்தில் மயிரிழை அளவு விலகி விழுந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிகிறது. அச்சிட்டவரின் கைத்தடம் அந்த விலகலில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் இந்தச் சுவரொட்டிகள் ஒவ்வொன்றாகக் கையால் தீட்டப்பட்டன. நியூயார்க் பிரிவில் பணிபுரிந்த ஆண்டனி வெலோனிஸ் என்ற கலைஞர், அதுவரை கடைப் பலகைகளுக்கும் வணிக விளம்பரங்களுக்கும் மட்டுமே பயன்பட்டுவந்த பட்டுத்திரை அச்சை இங்கே கொண்டுவந்தார். திருப்பூரில் பனியன் மீதும் நம் ஊர்களில் கல்யாணப் பத்திரிகை மீதும் இன்றும் செய்யப்படும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இறுக்கிக் கட்டி, நிறம் விழக்கூடாத இடங்களை அடைத்துவிட்டு, மையை மேலே ஊற்றி, ரப்பர் விளிம்பு வைத்த கட்டையால் இழுத்தால் திறந்த இடங்களின் வழியே மை தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. நிறங்கள் கூடக் கூட வேலையும் நேரமும் கூடும். இந்த முறை வந்த பிறகு ஒரே நாளில் 600 பிரதிகள் வரை அச்சிட முடிந்தது.

இந்தச் சுவரொட்டிகளின் அழகுக்குக் காரணம் இந்த அச்சுமுறையின் கட்டுப்பாடுதான் என்பது என் உறுதியான எண்ணம். மூன்று நான்கு நிறங்களுக்குள், மெல்ல மெல்ல மங்கும் நிழல் எதுவும் இல்லாமல், தட்டையான மைப்பரப்புகளால் ஒரு விலங்கைக் காட்ட வேண்டும் என்றால், அந்த விலங்கின் உடல் எந்தக் கோட்டில் தன் அடையாளத்தை வைத்திருக்கிறது என்று ஓவியர் கண்டுபிடித்தாக வேண்டும். யானைக்கு அது நெற்றியிலிருந்து முதுகுக்கு ஏறும் வளைவு. நீர்யானைக்கு முகவாயின் கனம். பென்குவினுக்குக் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லை. தோலின் சுருக்கங்களையும் மயிர்க்கால்களையும் வரைந்து காட்ட இடமில்லாததால், ஓவியர் விலங்கின் நிலையை, அது தன் எடையைத் தாங்கி நிற்கும் விதத்தை, கூர்ந்து பார்த்திருக்கிறார். பல தாள்களில் பின்னணிக்கு மையே பூசவில்லை. தாளின் சொந்த நிறமே வானமாகவும் மணலாகவும் ஆகிவிடுகிறது. கீழே எழுத்து சிலவே: பூங்காவுக்கு வாருங்கள், இன்ன ஊர், அவ்வளவுதான். விற்பதற்கு ஒன்றும் இல்லாத விளம்பரம் என்பதால்தான் ஓவியருக்கு இவ்வளவு இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

வாஷிங்டனிலேயே தேசிய உயிரியல் பூங்காவும் இருக்கிறது. அனுமதி இலவசம். அங்கே 1938-இல் எர்வின் ஸ்பிரிங்வைலர் செய்த எறும்புத்தின்னிச் சிலை, கருவூலத் துறை நடத்திய இன்னொரு நிவாரணக் கலைத் திட்டத்தின் விளைவு. சுவரொட்டிகளைப் போலவே அதுவும் நுணுக்கங்களைத் தவிர்த்து உருவத்தின் ஓட்டத்தை மட்டும் பிடித்திருக்கிறது.

பிலடெல்பியாவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அமெரிக்காவின் முதல் உயிரியல் பூங்காவுக்கான பட்டயம் இந்நகரில் 1859-இல் வழங்கப்பட்டது. உள்நாட்டுப் போர் குறுக்கிட்டதால் 1874 ஜூலை 1 அன்றுதான் திறக்கப்பட்டது. ஃபிராங்க் ஃபர்னெஸ் வடிவமைத்த வாயில் மாடங்கள் கிரார்ட் அவென்யூவில் இன்னும் நிற்கின்றன. நான் தேடிவந்த சுவரொட்டிகளில் பல இந்தப் பூங்காவுக்காக வரையப்பட்டவை. ஆனால் அந்தத் தாள்களில் கம்பீரமாக நிற்கும் யானையை இங்கே காண முடியாது. போதிய இடமும் துணையும் தர இயலாத சூழலில் யானைகளை வேறிடங்களுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்து, கடைசி யானைகளை 2009-இல் அனுப்பிவிட்டார்கள். இன்று இங்கே மரங்களுக்கு இடையே தலைக்கு மேல் வலைப்பாதைகள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் குரங்குகளும் புலிகளும் நடந்து போகின்றன.

அந்தப் பாதைகளுக்குக் கீழே நடக்கும்போது சுவரொட்டிகளைப் பற்றிய ஒரு கேள்வி எனக்குத் தெளிவானது. நான் பார்த்த தாள்கள் எதிலும் கம்பி இல்லை, கூண்டு இல்லை. 1930-களில் இதே பூங்காவுக்கு வந்த ஒரு குழந்தை பல விலங்குகளைக் கம்பிகளுக்குப் பின்னால்தான் பார்த்திருக்கும். அப்படியானால் சுவரொட்டி பொய் சொன்னதா? பாதி உண்மையை மட்டும் சொன்னது என்றே கருதுகிறேன். விலங்கைப் பார்க்க வேண்டிய விதத்தை அந்த ஓவியர்கள் சரியாகச் சொன்னார்கள். அது வைக்கப்பட்டிருந்த விதத்தை மறைத்தார்கள். முதலாவதற்காக அவர்களைப் பாராட்டும்போது இரண்டாவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிலடெல்பியாவில் இன்னொரு இடத்தையும் பார்த்தேன். ஷுயில்கில் ஆற்றங்கரையில் ஃபேர்மவுண்ட் நீரேற்று நிலையம் என்ற பழைய கட்டடத் தொகுதி இருக்கிறது. 1911 முதல் 1962 வரை அங்கே நகர மீன் காட்சியகம் நடந்தது. அதற்கும் டபிள்யூ.பி.ஏ. ஓவியர்கள் சுவரொட்டி செய்தார்கள். மீன் காட்சியகம் மூடப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், தெருவில் ஒட்டிக் கிழிந்துபோவதற்காக அச்சிட்ட அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது.

சிகாகோவிலிருந்து மெட்ரா புறநகர் ரயிலில் மேற்கே போனால் ஹாலிவுட் என்ற சிறு நிலையம் வரும். புரூக்ஃபீல்டு உயிரியல் பூங்காவுக்கு அங்கே இறங்கி நடக்கலாம். எடித் ராக்பெல்லர் மெக்கார்மிக் 1919-இல் கொடுத்த நிலத்தில், பொருளாதார வீழ்ச்சியால் கட்டுமானம் தடைப்பட்டுத் தடைப்பட்டு, 1934 ஜூலை 1 அன்று இது திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வணிகர் தம் பூங்காவில் 1907-இல் காட்டிய வழியில், கம்பிகளுக்குப் பதில் அகழிகளையும் செயற்கைப் பாறைகளையும் வைத்து வடிவமைக்கப்பட்ட பூங்கா இது. இல்லினாய் மாநில ஓவியர்கள் இதற்கு வரைந்த சுவரொட்டிகளில் கம்பிகள் இல்லாததைப் பெரும்பாலும் நேர்மை என்றே சொல்லலாம். கரடிகளின் பாறை முகடுகளைப் பார்த்தபடி நின்றால், அந்தத் தட்டையான நிறப்பரப்புகளும் தெளிவான விளிம்புகளும் எங்கிருந்து வந்தன என்பது கண்ணுக்குப் புலப்படுகிறது.

மேலை நாட்டுக்கு உயிரோடு வந்த முதல் பாண்டாவான சூ-லின் 1937-இல் இங்கேதான் குடியேறி, கூட்டம் கூட்டமாக மக்களை ஈர்த்தது. மறு ஆண்டே இறந்துவிட்டது. அதன் பதப்படுத்திய உடல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புரூக்ஃபீல்டிலும் இப்போது யானை இல்லை. கடைசி யானை 2010-இல் வேறிடம் சென்றது.

இந்தச் சுவரொட்டிகளை வீட்டில் மாட்ட விரும்புவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரசுக் கூலியில் பொதுமக்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் உயர்தரப் படிமங்களை எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதை டிஜிட்டல் பிரிண்ட் எடுத்தால் தாளின் மேல் தடித்து நிற்கும் அந்த மையின் திடம் கிடைக்காது. உங்கள் ஊரில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர் இன்னும் தொழிலில் இருந்தால், படிமத்தை நிறவாரியாகப் பிரித்து அவரிடம் கொடுங்கள். மூன்று திரை, கொஞ்சம் கெட்டியான தாள் போதும். நிறங்கள் சற்று விலகி விழுந்தாலும் திருத்தச் சொல்லாதீர்கள்.