வரித் தாளில் கல்வி அறக்கட்டளை வினாக்கள்: நான் படித்த முறை

கோவையில் சட்டம் படித்த காலத்தில், வருமான வரித் தாளில் நான் மிகுந்த கவனம் செலுத்திய பகுதி அறக்கட்டளைகள் பற்றியது. 1926இல் பி.எஸ்.ஜி. குடும்பத்தினர் குடும்பச் சொத்தில் ஒரு பங்கை அறத்துக்கென ஒதுக்கிய ஊர் இது என்பதால், பள்ளி நடத்துவது அறம் என்பதில் இங்கு எவருக்கும் ஐயம் எழுவதில்லை. தேர்வில் கேட்கப்படுவதோ, வரி விலக்குத் தருவதற்காகச் சட்டம் அந்த அறத்துக்கு எங்கே எல்லை வகுக்கிறது என்பதே.

2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15)ஆம் பிரிவு கல்வியை அறநோக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் கல்வி எது என்று வரையறுக்கவில்லை. அந்த இடத்தை நிரப்புவது, நாளிதழ் நடத்திய ஓர் அறக்கட்டளை பற்றிய 1975இன் லோக சிக்ஷண டிரஸ்ட் தீர்ப்பு. நாளிதழ் படிப்பதால் அறிவு வளரலாம் என்றாலும், முறையாகக் கற்பித்தலும் பயிற்சியுமே இங்குக் கல்வியாகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 அக்டோபரில் வந்த நியூ நோபில் தீர்ப்பு, கல்வி நிறுவனங்களின் வருமானத்துக்கு வரி விலக்களித்த 10(23சி) பிரிவின்கீழ் விலக்குக் கோரும் நிறுவனம் கல்வியை மட்டுமே நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும் என்றது. ஆனால் கல்விப் பணியின் போக்கில் உபரி கிடைத்தாலே விலக்குப் போய்விடும் என்று அது சொல்லவில்லை. விடைத்தாளில் இந்த வேறுபாட்டைத் தனி வாக்கியமாக எழுதுங்கள்.

நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது, பயன் யாருக்குச் சேர்கிறது என்ற கேள்வி. ஆங்கிலச் சட்டத்தில் 1951இன் ஓப்பன்ஹைம் வழக்கு, ஒரு நிறுவனக் குழுமத்தின் ஊழியர் பிள்ளைகளுக்கான கல்வி நிதியை, ஊழியர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருந்தும், பொது அறமாக ஏற்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி தன் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை தருவதாக வினா அமைந்தால் இதை மேற்கோள் காட்டலாம். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சாதிச் சங்கங்கள் நடத்தும் மாணவர் விடுதிகள் கொங்குப் பகுதியில் பல உண்டு. ஒரு சாதியினரும் பொதுமக்களில் ஒரு பிரிவினரே என்று 1971இன் அகமதாபாத் ராணா சாதிச் சங்க வழக்கு ஏற்றது. ஆயினும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1.4.1962க்குப் பின் குறிப்பிட்ட சாதியின் நலனுக்கென அமைந்த அறக்கட்டளைக்கு 13(1)(பி) பிரிவு விலக்கை மறுத்தது. அத்துடன் நிறுத்திவிட்டால் விடை பாதிதான். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கானவற்றை அப்பிரிவின் விளக்கம் இந்தத் தடையிலிருந்து விடுவித்தது. ஆகவே, எந்த ஆண்டில் தொடங்கியது, பயனாளிகள் எந்தப் பட்டியலில் வருகிறார்கள் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

பயிற்சிக்கு ஒரு வினா: நாமக்கல்லில் ஓர் அறக்கட்டளை, பள்ளி எதுவும் நடத்தாமல், கட்டணம் பெற்று நீட் பயிற்சி மட்டும் அளிக்கிறது, அது கல்வியா? முறையான கற்பித்தல் என்ற அளவுகோலை இரு தரப்பிலும் வைத்து வாதிட்டு எழுதிப் பாருங்கள்.